மாட்டியிருக்கணும்

அந்தச் சலவை ஆலையில் அவருக்கு 'ரெண்டுதரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பூட்டைப் பூட்டினால் ரெண்டுதரம் இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை போனவர், போட்ட செருப்போடு திரும்பி வந்து இன்னொரு தரம் குமிழைத் தொட்டுப் பார்ப்பார். "அக்காகிட்ட கட்டிக்கிறியான்னு கேட்டதும் ரெண்டுதரம்தானா?" என்று கூட வேலை செய்கிற ஒருவன் ஒருநாள் கேட்டான். "ஆமாப்பா. மொதத்தரம் அவ சரின்னு சொன்னது என் காதுல சரியா விழுந்துச்சான்னு சந்தேகம்" என்றார், மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

அந்த மனைவி ஒரு துணி திருத்தும் கடையில் தையல் வேலை பார்த்தாள். கால்சட்டைக்கு நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், கிழிந்த கோட்டுக்கு உள்துணி வைப்பாள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் என்று ஒரே ஒரு தம்பி. அம்மா கண்ணை மூடியபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. இடுப்பில் தூக்கிவைத்துச் சோறூட்டி ஆளாக்கியவள் இவள்தான். கல்யாணமாகி வரும்போதும் அவனை விட்டுவிட்டு வரவில்லை. "வரும்போது பெட்டி ரெண்டு, தம்பி ஒண்ணு கொண்டு வந்தா" என்று கணவர் சிரிப்பார். சிரித்தாரே தவிர, அவனைத் தன் தம்பியாகவே பார்த்துக்கொண்டார். தலைக்கு மேல் வளர்ந்ததும் தன் ஆலையிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தார். மச்சானும் மச்சினனும் நகமும் சதையும் போல இருந்தார்கள்.

அந்த ஆலையில் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்தார்கள். ஒரு ஆள் குனிந்தபடி உள்ளே நிற்கலாம், அவ்வளவு பெரிய இயந்திரங்கள். விரிப்பு எங்காவது சிக்கிக்கொண்டால், பின்பக்கத்துச் சின்னக் கதவு வழியாக ஒருவர் நுழைந்து அவிழ்த்துவிட வேண்டும். நுழைவதற்கு முன்னால், முன்பக்கத்தில் பட்டனுக்குப் பக்கத்திலிருக்கிற கொக்கியில் ஒரு சிவப்பு போர்டை மாட்ட வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறது, தொடாதே என்று அதற்கு அர்த்தம்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் உள்ளே இருந்தார். விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் வந்த மச்சினன் பட்டனை அழுத்திவிட்டான்.

போர்டு பிறகு தரையில் கிடந்தது. இயந்திரம் அதிர்ந்ததில் கொக்கியிலிருந்து விழுந்ததா, மாட்டாமலேயே அங்கே கிடந்ததா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஆஸ்பத்திரி நடையில் அக்காளின் காலைக் கட்டிக்கொண்டு தம்பி கதறினான். "மச்சான் மாட்டியிருப்பாருக்கா. அவரு மாட்டாம உள்ள போவாரா? நான்தான் பாக்கல. மேஸ்திரி கத்திக்கிட்டே இருந்தாரு. அவசரத்துல கை பட்டனுக்குப் போயிடுச்சு. கண்ணு கொக்கிப் பக்கம் போகவே இல்லக்கா." கணவனுக்காக அழுவதா, இவனைத் தேற்றுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அன்றும் சரி, பிறகும் சரி, "ஏண்டா இப்படிப் பண்ணினே" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள்தான் விதவிதமாகப் பேசினார்கள். "அன்னைக்கு ஒருநாள் லீவு போட்டிருக்கலாம்." "யாராவது கூட நின்னிருக்கணும்." "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாரு." வந்தவர்கள் போன பிறகும் அந்தப் பேச்சுகள் வீட்டைவிட்டுப் போகவில்லை. பாத்திரம் கழுவும்போதும், மகளுக்குத் தலை பின்னும்போதும் அவள் காதில் அவையே ஓடிக்கொண்டிருந்தன.

பாஷை தெரியாத இந்த நாட்டில் அவளை ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டவர் கணவர்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார். அவர் போனதும் வகுப்பை விட்டிருந்தவள், வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் மறுபடி போக ஆரம்பித்தாள். போன முதல் வாரமே டீச்சர் கரும்பலகையில் ஒரு தெருவை வரைந்து, நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசுவது எப்படி என்று பாடம் எடுத்தார். ஷுட் ஹாவ் என்றால், செய்திருக்க வேண்டும், ஆனால் செய்யவில்லை. சொல்கிறவருக்கு அதில் குறை உண்டு. மஸ்ட் ஹாவ் என்றால், கண்ணால் பார்க்கவில்லை, ஆனாலும் நிச்சயமாக நடந்திருக்கும். தெரு நனைந்திருக்கிறது, மழை பெய்திருக்க வேண்டும். மைட் ஹாவ் என்றால், நடந்திருந்தாலும் இருக்கலாம், யாருக்குத் தெரியும்.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு டாக்சி டிரைவர் உட்கார்ந்திருப்பார், தமிழர். அவர் வாய் சும்மா இருக்காது. "என்னம்மா இது, மொத ரெண்டும் நம்ம பேச்சுல ஒண்ணுதானே? 'பஸ் வந்திருக்கணும்'னு ஒருத்தன் சொல்றான்னு வைங்க. பஸ் வந்து போயிடுச்சா, இல்ல இன்னும் வரலையா?"

"சொல்ற விதத்துல தெரியுமேண்ணே" என்றாள்.

"விதம் புரியாதவன் விடியவிடிய ஸ்டாப்புலயே நிக்க வேண்டியதுதான்."

கணவர் போன பிறகு அன்றுதான் அவளுக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் குற்றவாளி போல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார் டீச்சர். குடை கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். கல்யாணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பண்ணியிருக்க வேண்டும் என்றார் டிரைவர். இவள் முறை வந்தபோது தலையை மட்டும் ஆட்டினாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அதற்குச் சில நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நஷ்டஈட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது எப்படியும் வந்துவிடும், என்ன நடந்தது என்று எழுதி வைக்கத்தான் இது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். நீளமான மேஜை, அதன் மேல் தண்ணீர் ஜாடி. தலை நரைத்த ஒரு பெண் அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஆலையின் வக்கீல். தம்பிக்குப் பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு அம்மா. வேறொரு இடத்தில் வேலை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார் போல. கைப்பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்காமல் தம்பியிடம் அன்பாக, "பயப்படாதீங்க தம்பி, தெரிஞ்சதைச் சொல்லுங்க போதும்" என்றார்.

அதிகாரி கேட்டதை அவர் தமிழில் கேட்டார். "உங்க மச்சான் சிவப்பு போர்டை மாட்டியிருந்தாரா?"

தம்பி தலையைக் குனிந்திருந்தான். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "மாட்டியிருக்கணும்" என்றான்.

"ஹி ஷுட் ஹாவ் ஹங் இட்" என்றார் அந்த அம்மா.

"நீங்க போர்டைப் பாத்தீங்களா?"

"இல்லைங்க. பாக்கல."

"நோ. ஐ டிட் நாட் சீ இட்."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் காது ஜிவ்வென்றது. தம்பி சொன்னது, மச்சான் நிச்சயம் மாட்டித்தான் இருப்பார், நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை என்று. மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது, அவர் மாட்டியிருக்க வேண்டும், மாட்டவில்லை, அதனால் என் கண்ணில் எதுவும் படவில்லை என்று. அந்த அம்மாவிடம் சூதுவாது எதுவும் இல்லை. எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வக்கீல் எழுதிக்கொண்டு, எழுதியதற்குக் கீழே ஒரு கோடும் போட்டார்.

அவள் பாதி எழுந்துவிட்டாள். நாற்காலி கிரீச்சென்றது. அதிகாரி நிமிர்ந்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். எல்லாரும் திரும்பினார்கள். தம்பியும் திரும்பினான். இங்கிலீஷில் என்ன போனது என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. அக்கா எதற்கு எழுந்தாள் என்று விழித்தான். கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகலாம் போல இருந்தான்.

சொன்னால் என்ன ஆகும்? பார்க்காமலே அழுத்தினான் என்று எழுதிக்கொள்வார்கள். ஒருத்தர் ஏற்கெனவே மண்ணுக்குள் போயாயிற்று. அவர் பேருக்கு எது வந்தாலும் அவருக்கு வலிக்கப்போவதில்லை. இவனுக்கு இன்னும் எவ்வளவு காலம் கிடக்கிறது.

"தண்ணி வேணும்" என்றாள்.

ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முடிவு தபாலில் வந்தது. அவள் அகராதியை வைத்துக்கொண்டு தானே படித்தாள். இறந்தவர் மாட்ட வேண்டிய எச்சரிக்கை போர்டை மாட்டாமல் உள்ளே நுழைந்ததே விபத்துக்குக் காரணம் என்று இருந்தது. மடித்துப் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். தம்பிக்கு ஆலையிலேயே யாரோ படித்துச் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவன் நெடுநாளைக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"அப்ப மச்சான் மாட்டலையாம்க்கா. விசாரிச்சு எழுதியிருக்காங்க" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"ம்" என்று குழம்பு ஊற்றினாள். அவன் தேறினால் சரி என்று நினைத்தாள்.

தேறத்தான் செய்தான். கன்னத்தில் சதை வைத்தது. முடி வெட்டிக்கொண்டான். யார் கேட்டாலும் சொல்ல அவனிடம் ஒரு பதில் இருந்தது. 'ரெண்டுதர'மே ஒருதரம் மறந்துட்டாருப்பா என்று ஆலையில் பேசிக்கொள்வதாக அவள் காதுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் பள்ளிக்கூடப் பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் இரண்டாம் வகுப்பு. தாயின் தோளில் சாய்ந்துகொண்டு ஊசி ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள். "அம்மா, அப்பா போர்டை மாட்டியிருக்கணும்ல?"

மெஷினை மிதித்த கால் நின்றது. "யாரு சொன்னா?"

"மாமாதான். ஏம்மா மாட்டல? மாட்டாம போனா செத்துப்போவோம்னு அப்பாவுக்குத் தெரியாதா? அப்ப என் நெனப்பே வரலையா?"

அவள் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"பாப்பாகிட்ட என்னடா சொன்னே?"

"அவளாத்தான் கேட்டா. நடந்ததைச் சொன்னேன்."

"என்ன நடந்துச்சு?"

"மச்சான் போர்டை மாட்டல."

"நீ பாத்தியா?"

அவன் கொஞ்சம் தடுமாறினான். "காகிதத்துலயே இருக்கேக்கா."

"அந்தக் காகிதத்துல இருக்கிறது நீ சொன்னதுடா. நீ 'மாட்டியிருக்கணும்'னு சொன்னே. மாட்டாம விட்டுட்டாருன்னு அவங்களுக்குப் போய்ச் சேந்துச்சு. நீ 'பாக்கல'ன்னே. பாத்தேன், அங்க ஒண்ணும் இல்லங்கிற மாதிரி ஆயிடுச்சு."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லலைன்னு எனக்குத் தெரியும். நான் அங்கதானே உக்காந்திருந்தேன்."

"கேட்டுட்டுச் சும்மாவா இருந்தே?"

"சும்மாத்தான் இருந்தேன். உனக்காக."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். பேசியபோது அவன் குரல் ஆஸ்பத்திரி நடையில் கேட்ட குரலாக இருந்தது. "எனக்கு மட்டும் தெரியாதாக்கா நான் பாக்கலைன்னு? கண்ணை மூடினா அந்தப் பட்டன்தான் தெரியும். அந்தக் காகிதம் வந்தப்புறம்தான் தூங்குறேன். விசாரிச்சவங்களே சொல்லிட்டாங்க, அப்ப அப்படித்தான் இருக்கும்னு நெனைச்சு நெனைச்சு... இப்ப நெஜமாவே அவரு மாட்டலைன்னு தோணுது. அதையும் புடுங்கிக்கப் போறியா?"

அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "ஆமாடா" என்றாள். "எம்பிள்ளை அவங்கப்பனை அப்படி நெனைச்சு வளரக்கூடாது."

"அப்ப நான்?"

"நீயும் எம்பிள்ளைதான்."

அவன் எழுந்து போய்விட்டான். சாப்பாடு ஆறிக் கிடந்தது. கூட வேலை செய்கிற ஒருவனுடைய அறையில் இருக்கிறான் என்று மட்டும் தகவல் வந்தது. அவள் கடைக்குப் போனாள், தைத்தாள், வந்தாள். போய் இழுத்து வரவில்லை. அவன் வராவிட்டால் தான் தனியாகப் போய்ச் சொல்வதா, அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றான். தாடி மண்டியிருந்தது.

"வா, போலாம்" என்றான். உள்ளே வரவில்லை.

அதே அதிகாரி, அதே மொழிபெயர்ப்பு அம்மா. இந்தத் தடவை தம்பி தலையைக் குனியவில்லை. "மச்சான் மாட்டினாரா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. பாக்காமலே அழுத்திட்டேன்."

அந்த அம்மா உடனே மொழிபெயர்க்கவில்லை. "போர்டு இருக்கான்னு பாத்து, அது உங்க கண்ணுல படலையா? இல்ல, பாக்கவே இல்லையா?"

"பாக்கவே இல்ல."

"ஐ டு நாட் நோ" என்று தொடங்கி, மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார் அவர். "ஐ டிட் நாட் லுக்" என்று அவர் முடித்தபோது அதிகாரி பேனாவை மேஜையில் வைத்துவிட்டுத் தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

வெளியே வரும்போது அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கே ஒருவார்த்தை திருப்பிக் கேட்டிருக்கணும்மா. கேக்காம விட்டுட்டேன்."

"புரிஞ்சும் வாயைத் தெறக்காதவ நான். நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள் இவள்.

புதிய முடிவு வர நாளானது. பழையதை ரத்து செய்திருந்தார்கள். பட்டனுக்குப் பூட்டு எதுவும் வைக்காமல் வெறும் போர்டை நம்பி ஆளை உள்ளே அனுப்பியது ஆலையின் தவறு என்றும், இயந்திரத்தை இயக்கியவர் பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தது. கணவரைப் பற்றி ஒரே ஒரு வரி. அதில் மைட் ஹாவ் என்று இருந்தது. மாட்டியிருக்கலாம், மாட்டாமலும் இருந்திருக்கலாம், தீர்மானிக்க இயலவில்லை.

அவள் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக அந்த அலுவலகத்துக்குப் போனாள். மொழிபெயர்க்க யாரையும் கூப்பிடவில்லை. அதிகாரிக்கு முன்னால் நின்று, வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். "ஹி மஸ்ட் ஹாவ் ஹங் இட்."

அதிகாரி அவளை உட்கார வைத்தார். அவளுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி, சின்னச் சின்ன வார்த்தைகளாகப் பேசினார். நீங்கள் அவரோடு வாழ்ந்தவர், நீங்கள் அப்படிச் சொல்லலாம். நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை, எங்களால் இவ்வளவுதான் எழுத முடியும்.

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

தம்பிக்கு வேலை போயிற்று. போகாவிட்டாலும் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவனால் இனி நின்றிருக்க முடியாது. வேறொரு ஊரில் காய்கறிக் கிடங்கில் மூட்டை இறக்குகிற வேலை கிடைத்தது என்று கிளம்பினான். "இங்கயே ஏதாவது பாக்கலாமேடா" என்று அவள் கெஞ்சினாள். "உன் முகத்தைப் பாத்தா அவரு ஞாபகம் வருதுக்கா. பாப்பாவைப் பாத்தா இன்னும் வருது" என்றான். பெட்டியை அவள்தான் அடுக்கிக் கொடுத்தாள்.

மகளிடம் உள்ளதைச் சொன்னாள். அப்பா மாட்டாமல் போகிறவர் இல்லை, மாமா அவசரத்தில் பார்க்கவில்லை, வேண்டுமென்று செய்யவில்லை. பிள்ளை கேட்டுக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அதனாலதான் மாமா போயிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டது.

முதலில் வாரம் ஒருதரம் போன் வந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பாப்பா படிக்கிறாளா, படிக்கிறா. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. பிறகு அதுவும் குறைந்தது. வா என்றால், வரேன் என்பான். வரமாட்டான்.

பள்ளிக்கூட விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு அவளே போனாள். கிடங்கு வாசலில் சாக்குத் தூசியோடு ஓடி வந்தான். ஆள் கறுத்துப் போயிருந்தான். இடுப்பு வலிக்கிறது போல ஒரு பக்கம் சாய்ந்து நடந்தான். எதிரிலிருந்த சின்னச் சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பாப்பாவுக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி வாங்கி வைத்திருந்தான். அவள் வாங்கிக்கொண்டாள். முன்பெல்லாம் மாமாவைக் கண்டால் தோளில் ஏறுகிற பிள்ளை, அம்மாவின் நாற்காலியை ஒட்டிக்கொண்டே பெட்டியைத் திறந்து திறந்து மூடியது.

"வளந்துட்டா" என்றான்.

"ஆமா. பாவாடையெல்லாம் ஏறிப்போச்சு. பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறேன்."

"உனக்குக் கண்ணு பரவால்லியா?"

"ஊசி கோக்கத்தான் கஷ்டம்."

அவன் தன் தட்டிலிருந்ததை முக்கால்வாசி அப்படியே வைத்துவிட்டான். அவள் அதைப் பார்த்தாள், சாப்பிடச் சொல்லவில்லை. திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். பஸ் ஏற்றிவிட்டுத்தான் போவேன் என்று நின்றான். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் தலையிலிருந்த சாக்கு நாரை எடுத்துவிட்டாள். பஸ் நகர்ந்தபோது மகள் கையை ஆட்டினாள். அவனும் ஆட்டினான். திருப்பத்தில் மறையும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தான். உள்ளேயிருந்து யாரோ அவனைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.